புன்னைத்துறை மாதாவின் நிறம்

புன்னைத்துறை மாதா கறுத்துப்போன காலையில் பெர்பெத்துவுக்கு முதலில் வந்தது பயமும் இல்லை, பக்தியும் இல்லை, எரிச்சல்தான். மாதாவுக்கு உடுப்பு மாற்றுகிற முறை அந்த வாரம் அவளுடையது. பீடத்தில் ஏணி சாத்தி ஏறி, நீலப் பட்டு உடுப்பை அவிழ்த்து, முகம் துடைக்க ஈரத்துணியோடு நிமிர்ந்தவள், மெழுகுவர்த்தியை மாதாவின் தாடைக்குக் கீழேயே கொளுத்தி வைத்த மூளை கெட்டவள் எவள் என்றுதான் நினைத்தாள், ஏனென்றால் அந்தக் கோயிலில் எது கரிபிடித்தாலும் தேய்க்கக் கூப்பிடுவது அவளைத்தான். துடைத்தாள், துணி வெள்ளையாகவே இருந்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்தாள், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள், கடைசியில் சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டுக்கூடத் துடைத்துப் பார்த்தாள். கப்பலேறி வந்த நாளிலிருந்து ரோஜா நிறத்தில் நின்ற மாதா, நெற்றியிலிருந்து கால்விரல் வரை கறுப்பாக இருந்தாள். கரிபிடித்த கறுப்பில்லை, உள்ளேயிருந்து வந்த கறுப்பு, மழையில் நனைந்த பனைமரத்தின் கறுப்பு, நகங்கள் மட்டும் கொஞ்சம் வெளுத்து, உழைத்துவிட்டுக் கை கழுவிய பெண்ணின் நகங்களைப்போல.

ஊர் அதை மத்தியானத்துக்குள் செரித்துவிட்டது. ஆண்கள் வந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா கூடாதா என்று பங்குச் சாமியிடம் கேட்டார்கள். சாமி போங்கள் என்றார். போனார்கள், எப்போதும் படுகிற மீன் பட்டது, ஆகவே மாதா கறுத்ததில் கெடுதல் ஒன்றுமில்லை என்று முடிவானது. அதற்குப் பிறகு காரணம் சொல்லும் வேலை தொடங்கியது. ஒருவர் உப்புக்காற்று என்றார், ஒருவர் புகை என்றார், பழைய காலத்தில் எதிரிக் கப்பல் வந்து கொளுத்தியபோது உள்ளே தங்கிய சூடு இப்போது வெளியே வந்திருக்கிறது என்று வரலாறு தெரிந்த ஒருவர் சொன்னார், ஆயர் இல்லத்திலிருந்து வந்தவரோ உலகத்தின் பாவங்களை நினைத்துத் தாய் துயரத்தில் கறுத்திருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போனார். எல்லாக் காரணமும் சொன்னார்கள், அது ஒரு பெண்ணின் தோல் நிறம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு வேன் வேனாகச் சனம் வந்தது. கறுப்பு மாதா படம், கறுப்பு மாதா மெழுகுவர்த்தி, கறுப்பு மாதா சாவிக்கொத்து எல்லாம் வந்தன. கோயில் வாசலில் ஒரே கடையில் மேல் வரிசையில் சாவிக்கொத்தும் கீழ் வரிசையில் முகம் சிவப்பாக்குகிற கிரீமும் தொங்கின, பெண்கள் இரண்டையும் ஒரே பையில் வாங்கிப்போட்டு, ஒன்றை முத்தமிட்டு மற்றதைப் பூசிக்கொண்டார்கள்.

பெர்பெத்துவுக்கு அந்த நிறத்தை எங்கோ பார்த்திருக்கிறோம் என்பது மட்டும் மனதில் முள்ளாக நின்றது. ஒரு சாயங்காலம் மகள் செலஸ்டி டீக்குக் கை நீட்டியபோதுதான் தெரிந்தது. டீயை அப்படியே கீழே வைத்தாள்.

"எம்மா, என்ன அப்படிப் பாக்க?"

"கையைக் காட்டு. திருப்பு. வா என்கூட."

கோயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மாதாவின் நீட்டிய கையோடு பிள்ளையின் கையைச் சேர்த்து வைத்தாள். மாதா எங்கே முடிகிறாள், பிள்ளை எங்கே தொடங்குகிறாள் என்று கோடு தெரியவில்லை.

இந்த ஊரின் வழக்கம் தெரியாதவர்களுக்கு அந்தக் கோடு இல்லாததன் அருமை விளங்காது. கிறிஸ்துமஸுக்குப் புன்னைத்துறையில் பாலன் பிறப்பு நாடகம் உண்டு. அதில் மாதா வேடத்துக்குப் பிள்ளையைப் பொறுக்குவது குரலைப் பார்த்தோ பாடமாவதைப் பார்த்தோ இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்பிள்ளைகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பீடப்படி ஏறி, மாதாவின் கையோடு கையை ஒட்டி நீட்ட வேண்டும். நாடகம் படிப்பிக்கிற உபதேசியார் சூசை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். மாதாவின் ரோஜா நிறத்துக்கு எது பக்கமோ அது மாதா, அதற்கடுத்த கை தூது சொல்லும் கபிரியேல், பிறகு சிறகு கட்டிய சம்மனசுகள், பிறகு இடைச்சிகள், பிறகு நாலு காலில் தவழும் ஆடுகள், எல்லாருக்கும் கடைசியாக வருகிற கை சத்திரத்து வேலைக்காரி. வேலைக்காரிக்கு, இங்கே இடமில்லை என்று ஒரே வசனம், அதுவும் அட்டைக் கதவுக்குப் பின்னாலிருந்து, முகத்தைக் காட்டத் தேவையில்லை. இதைக் கொடுமை என்று யாரும் நினைத்ததில்லை, ஜவுளிக் கடையில் துணிக்குத் துணி நிறம் பார்ப்பதுபோல அது ஒரு அளவு, அவ்வளவுதான். பெர்பெத்து கான்வென்ட்டில் படித்த காலமெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவள். செலஸ்டியும் சிறுபிள்ளை முதல் அங்கேதான் நிற்கிறாள், எல்லாருடைய வசனத்தையும் கேட்டுக் கேட்டு, நாடகம் முழுவதும் பாடமாகி.

"அப்போ இந்த வருசம் நான்தானா?" என்று செலஸ்டி கோயிலிலேயே கேட்டாள். "அளவுன்னா அளவுதானே எம்மா?"

"அளவுன்னா அளவுதான்."

அன்றைக்கே பெர்பெத்து நீலத் துணி எடுத்து ஓரம் அடிக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் புருசன் சலேத், போட் எஞ்சின் மெக்கானிக், கையில் கிரீஸோடு வாசலில் நின்று அதைப் பார்த்தான். "ஏளா, மாதா கறுத்தா ஊரு கறுத்திருமா? பிள்ளைக்கு ஆசையைக் காட்டாத," என்றான். ஆசை காட்டுவதற்கு இது என்ன மிட்டாயா, பிள்ளையின் உரிமை, போய் எஞ்சினைப் பாரும் என்று அவள் மிஷினை மிதித்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தன் பிள்ளை ஒரே ஒரு தடவை கதவுக்கு இந்தப் பக்கம் வெளிச்சத்தில் நிற்க வேண்டும், இந்த ஊர் அவள் முகத்தைக் கடைசிவரை பார்க்க வேண்டும்.

அந்த ஞாயிறும் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் கையை நீட்டினார்கள். பங்குப் பேரவைத் தலைவர் மச்சாது, ஐஸ் பிளாண்ட் முதலாளி, அவர் மகள் ஜெசிந்தாவின் கை வருசா வருசம் மாதாவின் கையோடு ஒத்துப்போகிற கை, இன்றைக்கு அது அங்கே கறுப்புச் சுவரில் தெறித்த சுண்ணாம்புபோல இருந்தது. கடைசியாகச் செலஸ்டி ஏறினாள், கை நீட்டினாள். சூசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மச்சாதுவைப் பார்த்தார், மச்சாது கோயில் கூரையைப் பார்த்தார். சூசை மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்த நிறம் புதுமையால், ஆண்டவர் செய்த அற்புதத்தால் வந்த நிறம், புதுமையோடு மனுசக் கையை வைத்து அளப்பது பாவம், ஆகையால் இந்த வருசம் பழைய படத்தைக் கொண்டு அளப்போம் என்று சொல்லி, பூசைச் சாமான் வைக்கிற சாக்ரிஸ்தியிலிருந்து ரோஜா நிறத்தில் மாதாவை அச்சடித்த ஒரு பழைய காலண்டரை எடுத்துவரச் செய்தார். அளந்தார்கள், ஜெசிந்தா மாதா. ஆனால் வெளியூர்ச் சனம் கறுப்பு மாதாவைப் பார்க்கத்தானே வருகிறது, ஆகவே மேடையில் ஜெசிந்தாவுக்குக் கறுப்பு பூசிவிடுவது என்றும் அதே மூச்சில் தீர்மானமானது. இதிலே ஒரு கோணல் இருப்பது அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பெர்பெத்து எழுந்து நின்றாள். "உபதேசியாரே, கறுத்த பிள்ளை ஒண்ணு கண்ணு முன்னால நிக்கையில செவத்த பிள்ளைக்கு எதுக்கு மை பூசணும்?"

சூசை கெட்டவர் இல்லை, அதனால் கனிவாகவே சொன்னார். "பெர்பெத்தக்கா, பூசுற கறுப்புல ஒரு தியாகம் இருக்கு. பிறந்த கறுப்புல என்ன இருக்கு?"

சுற்றிலும் தலைகள் ஆமாம் என்று ஆடின.

நாடகத்துக்கு முகம் பூசுவது எப்போதும் பெர்பெத்துதான். மூன்று ராஜாக்களுக்கு ரோஸ் பவுடரும், ஏரோதுக்கு மீசையும் அவள் கைவேலை. இந்த வருசம் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பார்த்தார்கள். வேறு ஆள் பூசியதில் ஜெசிந்தா சாம்பலில் புரண்ட கோழிபோல ஆனாள், தண்ணீர் பட்டதும் ஊதாவாக ஆனாள். கடைசியில் சூசை வீட்டுக்கே வந்தார். நிறம் கைக்கு வரவில்லை, பக்கத்தில் ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கலந்தால் வந்துவிடும் என்றார், செலஸ்டி வந்து மேசைப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும் என்றார். பெர்பெத்து கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே வைக்காமலேயே அவரை வாசல்வரை கொண்டுபோய் விடத் தயாரானாள்.

"நான் வாரேன்," என்றாள் செலஸ்டி.

"ஏட்டி, ஒனக்கு ரோசம் இல்லையா?"

"அந்த நெறத்தை அவங்க எதெதைப் போட்டுக் கலக்குதாங்கன்னு நான் பாக்கணும்மா."

பிள்ளை போனால் தாயும் போகத்தான் வேண்டும். கோயிலில் செபக்கூட்டம் நடத்தும் மரியாயின் சேனைப் பெண்கள் கிண்ணத்தைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள், நடுவில் ஸ்டூலில் செலஸ்டி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விளக்குக்கரியும் தேங்காய் எண்ணெயும் செங்காவியும் சொட்டு நீலமும் மாறி மாறி விழுந்தன. பிறந்து இத்தனை காலத்தில் முதல் தடவையாக ஊர்ப் பெண்கள் அவளை உற்றுப் பார்த்தார்கள், கழுத்தோரம் ஒரு மினுக்கம் இருக்கே அது எதில் வரும் என்றார்கள், கன்னத்துக்கு அடியில் ஒரு செம்பு ஓடுகிறதே கவனித்தீர்களா என்றார்கள், கண்ணுக்குக் கீழே நீலமும் இல்லாத கறுப்பும் இல்லாத ஒன்று இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார்கள். பெர்பெத்துவுக்குப் பொறுக்கவில்லை, அவள் கை தானாகக் கிண்ணத்துக்குப் போனது, அரைகுறை வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத கை அது. அவள் கலந்ததும் நிறம் வந்துவிட்டது. எல்லாரும் ஆகா என்றார்கள். "எவ்வளவு லட்சணமான நெறம் பாத்தியா," என்று ஒருத்தி கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். கிண்ணத்தைத்தான் சொன்னாள்.

நாடகத்தன்று சாயங்காலம் மேடைக்குப் பின்னால் ஜெசிந்தா அழுதுகொண்டிருந்தாள். ஒத்திகையில் பூசிய மையில் முகமெல்லாம் தடித்துப்போய், சொறிந்து சொறிந்து கன்னத்தில் கீறல். நல்ல பிள்ளைதான், சிவப்பாகப் பிறந்தது அவள் குற்றமா. கிண்ணத்தைக் கண்டதும் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு," என்றாள் பெர்பெத்து.

"அப்பா கொன்னுருவாங்க அத்தை."

"ஒங்கப்பா பாக்கப்போறது நீலத் துணியை. உள்ள யாருன்னு அவருக்கு என்ன தெரியும்? நீ கதவுக்குப் பின்னால போய் உக்காரு. அங்க ஒரே வசனந்தான். திங்க முறுக்கு வச்சிருக்கேன்."

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேவிட்டாள். பெர்பெத்து தான் தைத்து வைத்திருந்த நீலத்தை மகள் தலையில் போட்டாள், கிண்ணத்தில் இருந்ததை வாசலில் கொட்டினாள்.

செலஸ்டி மேடையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நடந்தாள், நின்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இடம் கேட்டாள், கதவுக்குப் பின்னாலிருந்து முறுக்கு அடைத்த குரலில் வந்த பதிலைக் கேட்டுத் தலை குனிந்தாள். இத்தனை வருசம் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அதைக் கேட்கிறவளாக நின்றபோது அவள் முகத்தில் என்ன வந்ததோ, முதல் வரிசையிலிருந்து கடைசியில் மணலில் குந்தியிருந்த கிழவர்கள் வரை சனம் விம்மியது. பெண்கள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மச்சாது கர்ச்சீப்பை எடுத்து, பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டி, என் மகள் என்றார். அது எப்படி ஒரு தகப்பனுக்கே தெரியவில்லை என்று கேட்கலாம். அந்த ஊரில் செலஸ்டியின் முகத்தை யாரும் முழுசாகப் பார்த்து முடித்ததில்லை, பார்க்கத் தொடங்கி நிறத்தோடு நின்றுவிடுவார்கள், ஆகவே நிறத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மூக்கையும் வாயையும் கண்ணையும் அன்றைக்கு அவர்கள் யாருடையது என்று வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ள முடிந்தது. கூட்டத்தில் சலேத் மட்டும் ஒருதரம் எழுந்தான், பிறகு சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டான்.

நாடகம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் பேசினார். பட்டணத்துக் கல்லூரியில் ஓவியமும் சிற்பமும் பற்றிப் பாடம் எடுக்கிற அம்மா, கைத்தறிச் சேலை, கனத்த வெள்ளி வளையல், கறுப்பு மாதாவைப் பற்றி எழுதவென்றே வந்திருந்தார். கறுப்பு என்பது வெள்ளை இல்லாததன் பெயரல்ல என்றார். கடல் தாண்டிய தேசங்களில் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோகப்பட்ட சனம், தன்னை இழிவாகச் சொன்ன அதே சொல்லைக் கொடியாக ஏற்றிக்கொண்டது என்றார், அவர்களுடைய பாட்டும் சிற்பமும் பின்னல் ஜடையும் அவர்கள் வரலாறு, அதை அவர்களிடமிருந்து பிரித்து எடுத்து வைத்து அழகு பார்க்க முடியாது என்றார். விருந்தாளி மூச்சு விட்ட இடத்திலெல்லாம் ஊர் கை தட்டியது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி, ஓரத்தில் நின்ற பெர்பெத்துவுக்கு அதுதான் கோபம், அந்தப் பேச்சில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

பேசி முடித்த கையோடு அந்த அம்மா மாதாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, தாடையைப் பிடித்து, மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, என்ன ஒரு வேலைப்பாடு, இது என்ன மை என்று மைக்கிலேயே கேட்டார். கட்டை விரலால் கன்னத்தில் தேய்த்தார், விரலைப் பார்த்தார், விரலில் ஒன்றுமில்லை. அழுத்தித் தேய்த்தார். பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்தார். செலஸ்டி அசையாமல் நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டி நின்றது.

பெர்பெத்து மேடையேறி, அந்த அம்மாவின் கையைப் பிடித்து எடுத்து அவரிடமே கொடுத்தாள்.

"அது பூசினது இல்லீங்க. நான் பெத்தது."

மைக் அதைக் கடற்கரை வரை கொண்டுபோனது. அந்த அம்மா சுட்டுக்கொண்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டு, மன்னிக்கணும், ரொம்ப இயல்பா இருந்தது, அதான், என்றார். என் மகள் எங்கே என்று மச்சாது எழுந்து சத்தம் போட, அட்டைக் கதவைத் திறந்துகொண்டு ஜெசிந்தா வெள்ளையாக வந்து நின்றாள். அப்போதுதான் ஊருக்கு விளங்கியது, தாங்கள் யாரைப் பார்த்து அழுதோம் என்று. அழுத கண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி தெரியாமல் ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் பெர்பெத்துவுக்கு நன்றாக இருந்திருக்கும், நாக்கு அரிப்பாவது தீர்ந்திருக்கும். ஆனால் அடுத்த வாரமே பெண்கள் பங்குச் சாமியிடம் போய் முறையிட்டார்கள். சாமி, கும்பிட நிமிர்ந்தால் மெக்கானிக் மகள் முகம் தெரிகிறது, மனசு ஒட்டமாட்டேன் என்கிறது என்றார்கள். மாதாவின் காலைத் தொட்டு முத்தமிடும்போது சலேத் வீட்டுப் பிள்ளையின் காலைத் தொடுகிற மாதிரி கூச்சமாக இருக்கிறது என்றார்கள். சாமி பொல்லாதவர் இல்லை, களைத்தவர். திருநாளுக்கு முன்னால் எப்படியும் ஒரு பூச்சு அடிக்க வேண்டியதுதான் என்றார். பீடத்துக்குத் திரை கட்டி, படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவனை உள்ளே விட்டார்கள். திரையை எடுத்தபோது மாதா ரோஜா நிறத்தில், பழையதைவிடக் கூடுதலான ரோஜா நிறத்தில் பளபளத்தாள். உலகத்துக்காகக் கொஞ்ச காலம் துயரப்பட்ட தாய் மனமிரங்கித் தன் இயல்பான நிறத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று எழுதி வாசலில் கல் வைத்தார்கள். வேன்கள் நின்றுபோயின. வருமானம் போனதைப் பற்றி மச்சாதுகூட வாய் திறக்கவில்லை, அந்தக் கறுத்த காலில் விழுவதைவிட அது சுலபமாக இருந்தது.

பெர்பெத்துவின் முறை வந்த வாரம் அவள் உடுப்பு மாற்ற ஏறியபோது செதில் சீவுகிற கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள், கீழே செலஸ்டி ஏணியைப் பிடித்திருந்தாள். பாவாடையின் மறைவில் குதிங்காலில் சுரண்டினாள். படகுப் பெயின்ட் உரிந்தது. அதற்கடியில் கப்பலேறி வந்த பழைய ரோஜா இருந்தது. அதையும் சுரண்டினாள், சுண்ணாம்பு வந்தது, அதற்கும் அடியில் வெளுத்த கட்டை. மறுகாலைச் சுரண்டினாள். முழங்கையின் உட்புறம் சுரண்டினாள். கடுகளவு கறுப்புகூட அங்கே எங்கும் இல்லை.

"இருக்காம்மா?" என்று கீழேயிருந்து கேட்டாள் செலஸ்டி.

"இல்லட்டி."

"போயிட்டாளா?"

பெர்பெத்து கத்தியைத் துடைத்தாள்.

"ரோசக்காரி," என்றாள் பிள்ளை. "போறதுதான் போனா, என்னையும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்."

கூப்பிடாமலேயே அவளும் போனாள். பிளஸ் டூ முடித்த கையோடு மதுரையில் கல்லூரியும் ஹாஸ்டலும் பார்த்துக்கொண்டாள், பஸ் புறப்படும்போது கோயில் இருந்த பக்கத்து ஜன்னலை மூடிக்கொண்டாள், அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் பரீட்சை இருக்கிறது என்றாள். பெர்பெத்து மட்டும் பூசைக்குப் போகிறாள், போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்று நினைப்பார்கள். எல்லாரும் முழங்கால் போடுகிற இடத்தில் அவளும் போடுகிறாள், செபம் மட்டும் சொல்வதில்லை.

போன திருநாளன்று பூசை முடிந்து இறங்கும்போது மச்சாதுவின் மனைவி வலிய வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இருந்த மனஸ்தாபத்தையெல்லாம் தீர்த்துக்கொள்ள நினைத்தாள் போலிருக்கிறது, மாலையும் விளக்குமாக ஜொலித்த பீடத்தைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"நம்ம மாதா முகம் எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாத்தியா பெர்பெத்து?"

"வெறும் கட்டைக்குப் பெயின்ட் அடிச்சா," என்றாள் பெர்பெத்து, கையை விடுவித்துக்கொண்டு, "பளிச்சுன்னுதான் இருக்கும்."